மலைநாட்டுப் பள்ளியும் வானொலியும்



தமிழிலே "கேட்டல்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பிறர் கூறுவதைச் செவியால் ஏற்பதும் கேட்டல். அறியாததை வாய்விட்டு வினாவுவதும் கேட்டல். ஆசிரியர் சொல்லக் கேட்கும் பிள்ளை, ஐயம் எழுந்தவுடன் ஆசிரியரையே கேட்கிறது. இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் கல்வி நிகழ்கிறது என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். வானொலி, தொலைக்காட்சி, இணையம் என உலகத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரும் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியுள்ளன. அவை இலங்கையின் மலைநாட்டுப் பள்ளிகளை எவ்வாறு வந்தடைந்தன, வந்தடைந்தபோது அங்குள்ள பிள்ளைகளுக்கு இவ்விரு கேட்டல்களில் எது கிடைத்தது, எது கிடைக்காமற் போயிற்று என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மத்திய மலைநாட்டிலே, ஹட்டன் நகரை அடுத்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு டிக்கோயா. சிங்களத்தில் இப்பெயருக்கு நீண்ட ஆறு என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே காடழித்துக் கோப்பி பயிரிட்டார்கள். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்த மக்கள், ஆண்டு முழுவதும் வேலை கேட்கும் இப்பயிரோடு தங்கள் வாழ்வைப் பிணைத்துக்கொண்டு, லயம் என்று வழங்கும் நீண்ட வரிசை வீடுகளிலே குடியமர்ந்தார்கள்.

1884ஆம் ஆண்டு ரயில் ஹட்டனை அடைந்தது. மலைநாட்டை உலகத்தோடு இணைத்த முதற் பெருஞ் சாதனம் அதுவே. கொழுந்து தேயிலையாகிப் பெட்டியில் இறங்கிக் கொழும்பு வழியாக இலண்டனுக்குச் சென்றது. அரிசியும் துணியும் கடிதமும் மேலேறி வந்தன. ஆயினும் அக்கடிதம் சென்ற வழியைச் சற்று உற்றுநோக்க வேண்டும். ஹட்டன் வரை ரயிலில் வந்த கடிதம், தோட்டத்துத் தபாற்காரரின் பைக்குள் புகுந்து, தோட்டக் காரியாலயத்தை அடைந்து, அங்கிருந்தே லயத்துக்குப் போயிற்று. லயத்து அறைக்கென்று தனி முகவரி இருக்கவில்லை. ஊரிலிருந்து தாய் எழுதுவித்த கடிதமாயினும், உலகச் செய்தியாயினும், வேறொருவர் கையைக் கடந்துதான் தொழிலாளியின் கையை அடைய முடிந்தது. பின்னாளில் வந்த கருவிகளின் கதையும் பெரும்பாலும் இக்கடிதத்தின் கதையையே ஒத்திருக்கக் காண்போம்.

தோட்டம் என்பது அந்நாளில் வேலியிட்ட ஒரு தனி உலகம். அனுமதியின்றி வெளியார் உள்ளே புகுவது குற்றமாகக் கருதப்பட்டது. தேசபக்தன் இதழை நடத்திய கோ. நடேசய்யர், தோட்டங்களின் உண்மை நிலையைக் காண்பதற்காகப் புடவை வணிகர் வேடத்தில் உள்ளே சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1931இல் அவர் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாட்டாக இயற்றி, மேடைகளிற் பாடியும் அச்சிட்டும் பரப்பினார். எழுத்தறியாத செவிக்கும் பாட்டு எட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வானொலி மலையேறுமுன், அதன் வேலையை ஒருவாறு செய்தவை அப்பாடல்களே எனலாம்.

இனிப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிசன் என்னும் கிறித்தவ அமைப்பு, தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அரசாங்கம் 1907இல்தான் ஒரு சட்டம் இயற்றியது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறை ஒதுக்குவதும் தோட்டத் துரையின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. பத்து வயதோடு நின்றுவிடும் கல்வி எதற்குப் போதுமோ, அதற்கு மட்டுமே அச்சட்டம் வழி செய்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் அமைப்பு. அதிகாலையில் தப்பு முழங்கப் பெற்றோர் பெரட்டுக் களத்துக்குச் செல்வர். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவுக்கும், சற்றே வளர்ந்தது பள்ளிக்கும் போகும். பத்து வயதைக் கடந்த பிள்ளைக்கு மலையிலே வேலை காத்திருந்தது.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளையும் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்ற அப்பெரும் மாற்றம், தோட்டத்து வேலிக்கு வெளியே பெரும்பயன் விளைத்தது. தோட்டப் பாடசாலைகளோ பல ஆண்டுகள் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் உரத்துப் பேசுவார் அருகினர்.

இக்காலத்திற்குள் வானொலி பிறந்து வளர்ந்துவிட்டது. இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரீட்சித்தார். முதல் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு அவ்வொலிபரப்பி அமைக்கப்பட்டதாக இலங்கை ஒலிபரப்பு வரலாறு கூறுகிறது. அழிவுக்காக ஆக்கப்பட்ட கருவி அறிவுக்குப் பயன்பட்டது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது.

வானொலி வகுப்பறைக்குள் புகுந்ததும் அக்காலத்திலேயேதான். பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. 1924 ஏப்ரல் 4ஆம் நாள் தன் முதலாவது பாடசாலை ஒலிபரப்பை நடத்தியது. சர் வால்போர்ட் டேவிஸ் என்ற இசையறிஞர் பாடம் நடத்தினார். சென்னை மாநகராட்சி 1930இல் தன் வானொலியைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கான இசையும் கதையும் அதில் இடம்பெற்றன. பின்னர் இலங்கை வானொலியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாடசாலை ஒலிபரப்புகள் நடைபெற்றன. நகரத்துப் பள்ளியொன்றின் மண்டபத்தில் வானொலிப் பெட்டியைச் சூழப் பிள்ளைகள் அமர்ந்திருப்பது அந்நாளில் முன்னேற்றத்தின் அடையாளமாக விளங்கிற்று.

மலைநாட்டிலோ, வானொலியும் கடிதம் சென்ற வழியிலேயே சென்றது. முதலில் அது துரையின் பங்களாவிலே ஒலித்தது. பின்னர் உத்தியோகத்தர் விடுதிகளில் ஒலித்தது. லயத்திற்கும் பள்ளிக்கும் அது வரத் தாமதித்தமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. வால்வு பொருத்திய அக்காலப் பெட்டியின் விலை தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாதது. இரண்டாவது, மலையமைப்பு. வானொலி அலைகள் மலைச்சரிவிலே மோதி வலுவிழக்கும். ஆழ்ந்த பள்ளத்தாக்கு அலைக்கும் ஒரு நிழற்பிரதேசமே. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம் மின்சாரம்.

மின்சாரத்தைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறாமல் அப்பாற் செல்லுதல் தகாது. இலங்கைக்கு நீர்மின்சாரம் பெருமளவில் வழங்கிய மலைப்பகுதி இதுவேயாகும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்த திட்டம், 1950இல் லக்சபான மின்னிலையமாக உருப்பெற்றது. டிக்கோயாவை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் நிறைவெய்தியது. தேயிலை மலைகள் சில நீரில் மூழ்கின. அந்நீர் சுழற்றிய சக்கரத்திலிருந்து எழுந்த மின்சாரம், கம்பிகளின் வழியே மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகளின் கீழே இருந்த லயங்களிற் பெரும்பாலானவை, அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கின் ஒளியிலேயே இருந்தன. அவ்வொளியிலேதான் பிள்ளைகள் படித்தார்கள்.

இத்தடையை ஒருவாறு உடைத்தது திரான்சிஸ்டர் என்னும் சிறு பொருள். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அதனைக் கொண்டு, 1954 முதல் கையடக்க வானொலிகள் விற்பனைக்கு வந்தன. சுவரிலே மின்சாரம் வேண்டியதில்லை. சில மின்கலங்கள் போதும். கதிரவேலுக்கும் கருப்பாயிக்கும் வானொலி கைக்கெட்டிய பொருளாயிற்று. அவர்கள் திருப்பிய முள்ளிலே தமிழ் தாராளமாகக் கிடைத்தது. 1939இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி நிலையம் இருந்தது, 1941இல் பி.பி.சி. தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு இருந்தது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பியைப் பெற்று, 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பூண்ட இலங்கை வானொலியும் இருந்தது. லயத்து வாசலிலே செய்தியும் நாடகமும் பாட்டும் ஒலித்தன. துரையின் அனுமதியும் காரியாலயத்தின் முத்திரையுமின்றி உலகம் லயத்துக்குள் வந்தது அதுவே முதன்முறை எனின் மிகையாகாது.

ஆனால் லயத்துக்குள் வந்த வானொலி, பள்ளிக்குள் அத்தகைய பயனை விளைத்ததா? இங்கே நின்று சிந்திக்க வேண்டும். ஓராசிரியர் பள்ளியிலே நான்காம் வகுப்புக்கான பூமிசாத்திர ஒலிபரப்பு தொடங்குமாயின், மற்ற நான்கு வகுப்புகளும் அதே அறையில்தான் இருக்கின்றன. ஒலிபரப்பு கடிகாரத்தைப் பின்பற்றும். தோட்டத்துப் பள்ளி மழையையும் மலையையும் பின்பற்றும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைமேல் விழும் மழையின் ஓசையிலே ஆசிரியரின் குரலே கேளாது. வானொலியின் குரல் எங்ஙனம் கேட்கும்? இவை யாவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. வானொலி பேசும், பிள்ளை பேசினால் அதற்குக் கேளாது. "சமவெளி" என்று ஒலிபரப்பில் ஒரு சொல் வந்தால், பிறந்தது முதல் சரிவையே கண்ட குழந்தை அதன் பொருளை யாரிடம் கேட்கும்? கேட்டலின் ஒரு பாதிதான் அப்பெட்டிக்குள் இருந்தது. மறுபாதிக்கு ஆசிரியர் வேண்டும். அவரோ ஒருவர், ஐந்து வகுப்புக்கும் ஒருவர்.

இக்குறையை உலகின் வேறு இடங்களில் எவ்வாறு களைந்தார்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள. முதலாவது ஆஸ்திரேலியா. அந்நாட்டின் நடுப்பாலையிலே, அயல்வீட்டுக்குப் போவதற்கே நூறு மைல் கடக்க வேண்டிய பண்ணைகளில் பிள்ளைகள் தனித்து வாழ்ந்தனர். அல்பிரட் திரேகர் என்பவர் 1920களின் இறுதியில், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிச் செய்தி அனுப்பவும் பெறவும் கூடிய சிறு வானொலிக் கருவியை அமைத்தார். பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஏற்பட்ட அந்த வானொலித் தொடர்பைக் கல்விக்கும் பயன்படுத்தலாம் என்று அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் கண்டார். அதன் பயனாக 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வான்வழிப் பள்ளி தொடங்கிற்று. முதலில் ஆசிரியர் மட்டுமே பேசினார். விரைவிலேயே பாடத்தின் இறுதியில் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு நேரம் ஒதுக்கினார்கள். தன் பெயரை ஆசிரியர் சொல்லி அழைக்க, நூற்றுக்கணக்கான மைலுக்கப்பாலிருந்து ஒரு பிள்ளை விடை கூறிற்று. அக்கணத்திலே அது வகுப்பறையாயிற்று.

இரண்டாவது சான்று இந்தியாவிலே புனே நகரைச் சூழ்ந்த பகுதி. 1956இல் யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி, 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் மன்றத்தார் கூடி உரையாடித் தம் வினாக்களை நிலையத்துக்கு அனுப்பினர். விடைகள் மீண்டும் ஒலிபரப்பிலே வந்தன. மன்றமில்லாத கிராமங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கேட்டபின் கூடிப் பேசிய கிராமங்களிலே அறிவு வளர்ச்சி மிக்கிருந்தமை புலனாயிற்று. இரு சான்றுகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், திருப்பிக் கேட்க வழி இருந்தாலன்றி அது பாடம் சொல்லியாக நிற்குமேயன்றி ஆசானாக மாட்டாது.

மலைநாட்டுக்குத் திரும்புவோம். 1972இலும் 1975இலும் நிகழ்ந்த நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனைத் தொடர்ந்து, 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாக மாறின. 1907இல் துரையின் கடமையாக இருந்தது, எழுபது ஆண்டுகள் கழிந்தபின் நாட்டின் கடமையாயிற்று. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியால் நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் கட்டடங்கள் எழுந்தன. மலைநாட்டு இளைஞர் ஆசிரியராயினர். ஜெர்மானிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. லயத்திலே பிறந்தவரே லயத்துப் பிள்ளைக்கு ஆசிரியராக வந்து நின்றார். மலைநாட்டு வகுப்பறையை உலகத்தோடு இணைத்த சாதனங்களை வரிசைப்படுத்துவோர், கருவிகளை மட்டும் எண்ணி இவ்வாசிரியரை எண்ணாது விடுவாராயின், அவ்வரிசை முதலெழுத்து இல்லாத அரிச்சுவடியாகும்.

இதற்கிடையே வானம் புதிய வழியொன்றைத் திறந்திருந்தது. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பது போலச் சுழலும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையே அவருக்கு இல்லமாயிற்று. 1975இல் இந்தியா, அமெரிக்கச் செய்மதியொன்றின் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு ஓராண்டுக் காலம் கல்வித் தொலைக்காட்சி நடத்தியது. காலையிலே பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையிலே பெரியோருக்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. ஆசிரியர்களுக்கான பயிற்சியும் அதிலே அடங்கியிருந்தது. அந்த ஒளிபரப்பை இலங்கையில் ஏற்றது கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக் கூரையில் இந்தியப் பொறியியலாளர் நிறுவிய ஏற்பிதான். 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானிய உதவியுடன் ரூபவாகினி தொடங்கியபோது, அதன் அலைகள் இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையிலிருந்து புறப்பட்டன. மின்சாரத்தைப் போலவே ஒளிபரப்பும் மலைநாட்டின் முதுகிலேதான் நின்றது. மின்சாரம் எட்டாத லயங்களிலோ அதைக் காணப் பெட்டி இல்லை.

இவ்வரலாற்றில் தனித்துப் போற்றத்தக்க முயற்சி ஒன்று நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையிலே நிகழ்ந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989இல் அங்கே ஒரு சமூக வானொலி தோன்றியது. 1998இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கணினியைக் கண்ணாற் கண்டிராத மக்கள் வாழும் இடத்தில், ஒரே ஓர் இணைப்பை ஊர் முழுவதற்கும் எவ்வாறு பகிர்வது? அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. நேயர் தம் வினாவைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ நேரிலோ தெரிவிப்பர். ஒலிபரப்பாளர், துறையறிந்த ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு, இணையத்திலே அவ்வினாவுக்கு விடை தேடுவார். கிடைத்ததை ஊர்மொழியில் விளக்கி வானொலியிலே கூறுவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் தாமே இணையத்தைப் பார்ப்பதற்கு வழி செய்யப்பட்டது.

இம்முறையின் சிறப்பு என்னவெனில், நிகழ்ச்சி வினாவிலிருந்து தொடங்கியது. நிலையம் எதைச் சொல்ல விரும்பிற்று என்பதைக் காட்டிலும், ஊரார் எதை அறிய விரும்பினர் என்பதே பொருளை வகுத்தது. அக்காலத்து இணையம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தமையால், தமிழிலும் சிங்களத்திலும் விடை தேடுவோர்க்கு இடையிலே ஒரு மொழிபெயர்ப்பாளர் இன்றியமையாதவர் ஆனார். அதுவும் ஒருவகையில் பிறர்கையைக் கடந்து வருவதே. ஆயினும் கடிதத்தைப் பிரித்த காரியாலயக் கைக்கும், வினாவை ஏந்திச் சென்று விடையைக் கொண்டுவந்த இந்தக் கைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னர் 2000களில், நெனசல என்னும் பெயரால் நாடெங்கும் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன; அத்திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலகப் பரிசொன்றைப் பெற்றது.

இச்சாதனங்கள் அனைத்தும் ஒருங்கே பரீட்சைக்குள்ளான காலம் 2020. கொறொனாப் பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச் நடுப்பகுதியில் இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தன. நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் இணையதளத்திலே பாடநூல்களும் பயிற்சிகளும் கிடைத்தன. நகரத்துப் பிள்ளை அறையிலே அமர்ந்து படித்தது. தோட்டத்துப் பிள்ளைக்கோ வேறு நிலை. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயோடு மலைக்குப் போய்விடும். பிள்ளைகள் மூவராயின், மூவருக்கும் பாடம் ஒரே நேரத்திலே. சமிக்ஞை கிடைக்குமிடம் தேடிப் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறினர். இத்துன்பம் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஊவா மாகாணத்துச் சிங்களக் கிராமமொன்றின் மாணவர், ஆசிரியையோடு காட்டு வழியே நடந்து பாறையுச்சியில் அமர்ந்து படித்ததை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் எடுத்துரைத்தன. மலையும் வறுமையும் மொழிபார்த்து வருவனவல்ல. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, கைப்பேசி வைத்திருந்தோரும் இருளிலே இருந்தனர்.

அக்காலத்தில் ஆசிரியர் பலர் செய்த செயலை வரலாறு மறத்தல் கூடாது. இணையம் எட்டாத லயங்களுக்குப் பயிற்சித் தாள்களை எழுதிக் கையால் எடுத்துச் சென்று கொடுத்தனர். அடுத்த முறை செல்லும்போது விடைகளை வாங்கித் திருத்தினர். பிள்ளையின் ஐயத்தை வாசலில் நின்று கேட்டனர். செய்மதியும் திறன்பேசியும் கைவிட்ட இடத்திலே, கால்நடையாகச் சென்ற அத்தாள் இருவழிச் சாதனமாக விளங்கிற்று.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கியது. தாழ்ந்த சுற்றுப்பாதையிலே பறக்கும் பல்லாயிரம் செய்மதிகள் வழியாக வரும் அதற்கு, மலையின் நிழல் பெருந்தடையன்று. திறந்த வானம் பரவலாகத் தெரிந்தாற் போதும். அலைக்கிருந்த தடை நீங்கிவருகிறது. கட்டணம் என்ற தடை மட்டும் இன்னும் நிற்கிறது. 1954இல் திரான்சிஸ்டர் மின்சாரத் தடையைத் தாண்டியதுபோல, இதுவும் ஒரு தடையைத் தாண்டும் என்று நம்ப இடமுண்டு. ஆனால் திரான்சிஸ்டர் வந்தபின்னும் பள்ளியிலே கேட்டலின் மறுபாதி காலியாகவே இருந்தது என்பதை மறவாதிருப்பதே நூறாண்டு அனுபவத்தின் பயன்.

கருவி வந்துவிட்டால் ஆசிரியர் எதற்கு என்று கேட்போர் எக்காலத்திலும் உள்ளனர். டிக்கோயாவின் வரலாறு அவர்களுக்கு விடை கூறுகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும், ஆசிரியர் போதிய அளவில் இருந்த பள்ளிக்கே பெரிதும் உதவின. ஆசிரியர் குறைந்த பள்ளியிலே அவை சுவரோரம் நின்றன. ஆதலின் ஒரு பள்ளிக்குத் திரையொன்று வழங்கும்போது, அத்திரையருகே நின்று பிள்ளையின் ஐயத்தைக் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் உண்டா என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். ஒளிபரப்பும் பாடத்தின் முடிவிலே பத்து நிமிடம் பிள்ளைகளின் வினாவுக்கென்று ஒதுக்க வேண்டும். அவ்வினாக்கள் நிலையத்துக்குச் சென்று, கேட்ட பிள்ளையின் பெயரோடு விடை திரும்பி வரவேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை; புனேயில் 1956இல் வினாக்களை நிலையத்துக்கு அனுப்பியே செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. உலகம் டிக்கோயாவுக்குச் சொல்ல வேண்டியது பல இருப்பதுபோல, டிக்கோயா உலகுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மலைநாட்டு எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். லயத்து முற்றத்தில் பாடியவை அவ்வாறே உலகத்தார் கைக்குச் சென்றன. இலண்டனிலோ தோக்கியோவிலோ தேநீர் அருந்தும் வீட்டுப் பிள்ளைக்கு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவது எப்படி என்று தெரியாது. அதனை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்துவது ஏன் என்றும் தெரியாது. கொழுந்துக் கூடையைச் சுமந்த தாயின் நெற்றியில் கயிறு பதித்த தழும்பு எவ்வாறு வந்தது என்றும் தெரியாது. இவற்றை அறிந்த பிள்ளை டிக்கோயாவிலே நான்காம் வகுப்பில் அமர்ந்திருக்கிறது. இரு வகுப்பறைகளுக்கும் இடையே இணைப்பு ஏற்படும் நாளில், தொலைவிலுள்ள பிள்ளை வினவ, மலைநாட்டுப் பிள்ளை விளக்கும் பாடம் ஒன்றாவது அட்டவணையில் இருக்கட்டும்.

அப்போது, எந்நாளும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் பிறர் வந்து கேட்பார்கள். அதன் விடைக்குப் பதிலாக ஒரு கடிதம் வருமாயின், அது காரியாலயத்தில் தங்காமல் அப்பிள்ளையின் வீட்டு முகவரிக்கே நேராக வந்து சேர்வதாகுக.